புள்ளிக்கு ஒரு கண்ணாடி

எனக்குத் தமிழ் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர்களில் சிலர் எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்தார்கள். வேறு சிலர், எனக்கு இவ்வளவு கண் தெரிந்தால் போதும் என்று நினைத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கண்டி நகரத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் எந்தப் பலகைக்கும் மூன்று மொழி வேண்டும். சிங்களத்தை முதலாளியே பார்த்துக்கொள்வார். ஆங்கிலத்தில் பிழை வந்தால் கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். தமிழுக்கு நான். கடையின் மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, கால் ஆடும் ஒரு கதிரை. எல்லாரும் அதைத் ‘தமிழ் மேசை’ என்பார்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவளுக்கு நகரத்தில் ஒரு மேசை சொந்தமாக அமைவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த மேசை கையை விட்டுப் போக இருந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

அது ஒரு பல் வைத்தியரால் ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், அம்பிட்டியவில் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். கதவோரம் மாட்ட அவருக்கு ஒரு சிறிய தகடு செய்து கொடுத்திருந்தோம். ஒரு காலையில் அந்தத் தகட்டைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

“வாசியும் பிள்ளை.”

நான் வாசித்தேன். “பல் வைத்தியர்.”

“எங்க இருக்கு புள்ளி? வடிவாப் பாரும். ‘பல வைததியர’ எண்டு கிடக்கு. பல் வைத்தியன் பல வைத்தியனாப் போனன். முழங்கால் நோவெண்டு ஒரு மனிசி வந்து நிக்கிறா.”

கடையில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துக்கொண்டே வேறு தகடு செய்து கொடுத்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

“இது எழுத்துப் பிழை இல்லை, வளர்ப்புப் பிழை. தோட்டத்துத் தமிழை நீங்கள் தோட்டத்தோட வைச்சிருக்கோணும்.”

எனக்குக் காது சூடேறியது. கணினியில் கோப்பைத் திறந்து காட்டினேன். நான் தட்டச்சு செய்ததில் ‘பல்’லுக்கு மேல் புள்ளி இருந்தது, ‘வைத்தியர்’ என்பதிலும் இரண்டு புள்ளி இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, திரை கொள்ளாத அளவுக்குக் காட்டினேன். “நான் புள்ளி வச்சிருக்கேங்க ஐயா. பாருங்க.”

“கணினியில இருக்கிறது ஆருக்குப் பிள்ளை? என்ர கதவில இல்லையே?” என்று கேட்டார். தகடு வெட்டி முடிந்ததும் அதைச் சரிபார்த்து அனுப்புவதும் என் வேலைதான். பார்த்தேன். இரண்டு தரம் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

அவர் போன பிறகு முதலாளி என் மேசைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னோடு பேசும்போது சிங்களத்தைக் கொஞ்சம் தமிழாக்கிக்கொள்வார். 

“நங்கி,” என்றார். தங்கை என்று அர்த்தம். “மடுல்கெல்ல பக்கம் தோட்டத்துக்குப் பேர் வெட்டுற கல்லு வேலை ஒண்ணு வருது. கருங்கல்லு. வாசிகசாலை. அதுல பிழை வந்தா அழிக்க ஏலாது. அந்தக் கல்லு சரி வந்தா நீங்க இருங்க. பிழை வந்தா, பொறகு தமிழ் வேலை போன் செய்யும். நீங்க லெமினேட் பக்கம் போங்க.”

கைத்தொலைபேசி மொழிபெயர்க்கும் தமிழை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனிடம் என் மேசையைக் கொடுப்பதா? பல் வைத்தியரிடம் வாங்கின பேச்சை விட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. 

அன்று மத்தியானம் சாப்பிடாமல் அந்தத் தகட்டையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. ‘ல’வின் தலைக்கு மேல் வழவழவென்று வெறும் உலோகம். புள்ளி இல்லை.

அப்போதுதான் புரிந்தது. எனக்கு எல்லா எழுத்தின் தலையிலும் ஒரு கரி அப்பின மாதிரித்தான் எப்போதும் தெரியும். புள்ளி உள்ள எழுத்து, இல்லாத எழுத்து என்ற பேதம் அந்தக் கரிக்கு இல்லை. வார்த்தை தெரிந்தவள் என்பதால் புள்ளியை நானே மனதுக்குள் போட்டு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தமிழ் தெரியாததால் வந்த பிழை இல்லை. தமிழ் தெரிந்ததால்தான் பிழை என் கண்ணில் படாமல் போயிருக்கிறது. இதை நான் பல் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். 

என்னிடம் கண்ணாடி இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தோட்டத்துக்கு ஒரு கண் பரிசோதனைக் குழு வந்தது. வரிசையில் நிற்க வைத்து, ஒரு பெட்டி நிறையத் தயாராக இருந்த கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டி விட்டார்கள். “இன்னும் மங்கலா இருக்குங்க” என்றேன். வந்த ஐயா என்னைப் பார்க்காமல் எங்கள் வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார்: “தோட்டத்து வேலைக்கு இது போதும்.” நான் தோட்டத்து வேலைக்குத்தான் போவேன் என்று அவருக்கு யார் சொன்னது? அதற்குப் பிறகும் அதே மாதிரிக் கண்ணாடியைத்தான் உடைய உடைய வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். உலகமே அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. தெருவிளக்குக்கு எல்லாம் வால் உண்டு என்று நம்பியிருந்தேன். மற்றவர்களுக்கு விளக்கு உருண்டையாகத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரமே நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பார்க்கிறவள் ஒரு முஸ்லிம் பெண், என்னை விட இளையவள். இருட்டறையில் உட்கார வைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். பிறகு ஒரு வட்ட லென்ஸைச் சட்டத்தில் செருகி, அதை மெதுவாகத் திருகத் தொடங்கினாள். எதிரே சுவரில் இருந்த எழுத்துகள் சாய்ந்தன, நிமிர்ந்தன, திடீரென்று ஓர் இடத்தில் கறுப்பாக, கூர்மையாக நின்றுகொண்டன. நான் “ஐயோ” என்றேன்.

“வலிக்குதா அக்கா?”

“இல்ல. தெரியுது.”

அவள் விளக்கைப் போட்டாள். மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருந்தது. ஒரு துண்டுக் கடதாசியில் ‘க்’ என்று எழுதி தம்ளருக்குப் பின்னால் பிடித்தாள்.

“இப்ப எப்படி ஈக்கு?” என்றாள். ‘இருக்கு’ அவள் வாயில் ‘ஈக்கு’.

எழுத்து உயரத்தில் அப்படியே இருந்தது. அகலத்தில் மட்டும் பெருத்துப் போயிருந்தது. மேலே இருந்த புள்ளி, புள்ளியாக இல்லை. படுத்துக் கிடக்கும் ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருந்தது.

“சாதாரண லென்ஸ் பந்துல வெட்டி எடுத்த துண்டு மாதிரி அக்கா. எல்லாப் பக்கமும் ஒரே வளைவு. இந்தத் தம்ளர் அப்படி இல்ல. சுத்தி வளைஞ்சு ஈக்கு, மேல கீழ நேரா ஈக்கு. இதுதான் சிலிண்டர். உங்க கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி இல்லாம கொஞ்சம் தம்ளர் மாதிரி ஈக்கு. அதுவும் சாய்ச்சு வச்ச தம்ளர். வலதுல ஒரு பக்கம் சாய்வு, இடதுல மத்தப் பக்கம்.”

எங்கள் லயத்துத் தகரக் கூரை ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு. அதற்குக் கீழே பிறந்து அதையே கண்ணிலும் வாங்கி வந்திருக்கிறேன்.

“அதே சாய்வுல எதிர்மாறா ஒரு சிலிண்டர் போட்டா ரெண்டும் ஒண்டை ஒண்டு அடிச்சு நேராக்கிடும். ஆனா பவர் மட்டும் சரியா இருந்தா பத்தாது. சாய்வும் சரியா இருக்கணும். இல்லாட்டிப் போடாம இருக்கிறதே மேல்.”

வெளியே வந்தால், கல்லாப் பக்கம் நின்றவர் என் கண் அளவு எழுதிய சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இவ்வளவு சிலிண்டர் கடையில் தயாராக இருக்காதாம். கொழும்புக்கு ஓடர் கொடுத்து எனக்கென்றே செய்விக்க வேண்டுமாம். “எதுக்கும்மா இவ்வளவு? சிலிண்டர்ல பாதிய சாதாரண பவரோட சேர்த்துப் போட்டுருவோம். இன்னைக்கே கொண்டுபோகலாம். பஸ் நம்பர் தெரிஞ்சா போதும்தானே?”

போதும். மறுபடியும் அதே வார்த்தை. பெட்டி நிறையக் கண்ணாடி கொண்டுவந்தவரும் இதைத்தான் செய்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. கோணலைப் பாதியாக்கி, பந்துக்குள் மறைத்து, தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாதிக் கண் கொடுத்து முழுக் கண்ணாடி என்று சொல்லியிருக்கிறார்.

“போதாதுங்க,” என்றேன். “சீட்டுல இருக்கிறது முழுசா வேணும். எனக்குப் புள்ளி தெரியணும்.”

“புள்ளியா?”

“ஆமாங்க. புள்ளி.”

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் வீடுகளுக்குத் தரை ஓடு, அதாவது டைல்ஸ், பதிக்கிறவர். “கண்ணுக்குமா சிலிண்டர்?” என்றார். “சமையல் கேஸ் சிலிண்டருக்கு நின்ன மாதிரி இதுக்கும் க்யூல நிக்கணுமா?” 

லென்ஸ் வருவதற்கும் கல்லுக்கு நாள் நெருங்குவதற்கும் சரியாக இருந்தது. சனிக்கிழமை மாலை போய் வாங்கினேன். கண் பார்த்த பெண் அன்று வரவில்லை. வட்டச் சட்டம், கனமான விளிம்பு. மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். வாவிக்கரை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. பஸ்ஸின் பலகை இரண்டாகப் பிளந்து தெரிந்தது. தலை சுற்றியது. திரும்பிக் கடைக்குள் போனேன்.

“புதுசுக்கு அப்பிடித்தாம்மா. தரை சரிஞ்ச மாதிரி இருக்கும். பழகிரும்,” என்றார் கல்லாக்காரர்.

தரை சரிவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஹந்தானையில் தரை சரியாமல் எங்கே இருக்கிறது? சரிவில் நடக்கத் தெரிந்த கால் எனக்கு. எனக்குக் கோபம் வந்தது தரையைப் பார்த்து இல்லை. கடை வாசலிலேயே ஒரு பலகை இருந்தது, ‘கண் பரிசோதனை’ என்று. அதில் ‘ண்’ மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று இந்தப் புதுக் கண்ணாடி வழியாக எனக்குச் சொல்ல முடியவில்லை. பழையதில் கரியாகவாவது தெரிந்தது. இதில் எழுத்தே கிழிந்து தொங்கியது. திங்கட்கிழமை காலை கல்லுக்கான அச்சுத்தாள் கல் வெட்டுகிறவரிடம் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் முன்னறைக்கே தரை ஓடு பதித்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பதித்து, சொந்த வீட்டுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்திருந்தது. அவருடைய லேசர் மட்டத்தை நடுவில் வைத்திருந்தார். சின்னப் பெட்டி; விசையை அழுத்தினால் சுவர் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு விழும். 

“இது எப்படி கோடா வருது?” என்றேன். நான் கேட்ட முதல் தடவை அதுதான். அதுவரை அது எனக்கு ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

“உள்ள இருக்கிறது ஒரு புள்ளி லைட்டுதான். அதுக்கு முன்னால பென்சில் துண்டு மாதிரி உருளையா ஒரு கண்ணாடி வச்சிருக்கான். அது புள்ளிய இழுத்து கோடாக்கிருது. ஏன்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புள்ளியைக் கோடாக்குவதற்கு ஆட்கள் தேடிப்பிடித்து உருளைக் கண்ணாடி வாங்கிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். எனக்கு அது பிறவியிலேயே கண்ணுக்குள் இருக்கிறது; அதைக் கழற்ற நான் அலைகிறேன். புதுக் கண்ணாடியை மாட்டி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். சுவரில் ஒரு மூலையிலிருந்து கீழ்நோக்கி ஓடியது.

“அண்ணே, உங்க கோடு கோணல்.”

சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அண்ணன் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். “என் மட்டம் கோணலா? சுவர் கோணல்னு சொல்லு, ஒத்துக்கிறேன். உன் கண்ணாடி கோணல்னு சொல்லு, அதையும் ஒத்துக்கிறேன்.” பழைய ரசமட்டத்தை எடுத்து வந்து சுவரில் சிவப்புக் கோட்டோடு சேர்த்து வைத்தார். தண்ணிக் குமிழ் நடுவில் நின்றது. உடனே அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அப்போதும் குமிழ் நடுவில்தான் நின்றது. “பாத்தியா? மட்டத்து மேல சந்தேகம்னா திருப்பி வச்சுப் பாக்கணும். நேரானது எப்பிடித் திருப்பினாலும் நேராத்தான் இருக்கும். கோணல்னா காட்டிக் குடுத்துரும்.”

அவரைக் கேலி செய்யத்தான் செய்தேன், சத்தியமாக. “அப்ப இதையும் திருப்பிப் பாக்குறேன்” என்று கண்ணாடியைக் கழற்றி, தலைகீழாக்கி, காது மாட்டும் தண்டு இரண்டும் அந்தரத்தில் நிற்க, கையால் முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன்.

சிவப்புக் கோடு நேரானது.

சுவரின் வெடிப்பு, வெடிப்பில் ஓடிய எறும்பு, அண்ணனின் மீசையில் சீமெந்துத் தூள் எல்லாம் வந்து வரிசையாக நின்றன. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். ‘ஞாயிறு’ என்று இருந்தது. ‘திங்கள்’ என்று இருந்தது. ‘ங்’குக்கு மேல் ஒரு புள்ளி. ‘ள்’ளுக்கு மேல் ஒரு புள்ளி. உருண்டையாக, கறுப்பாக, எழுத்தை விட்டுத் தள்ளி, தனியாக மிதந்துகொண்டு. கோடு இல்லை. கரி இல்லை. புள்ளி.

கையை எடுக்காமலே அழுதேன். அண்ணன் பயந்துபோய் மட்டத்தை அணைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கண்ணாடிக் கடை திறப்பதற்குள் கல் வெட்டுகிறவரின் வண்டி எங்கள் கடைக்கு வந்துவிடும். காத்திருக்க முடியாது. நான் என் மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். கடையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“நங்கி, பிஸ்ஸுத?” என்றார் முதலாளி. பைத்தியமா என்று கேட்கிறார்.

“பைத்தியந்தான். அச்சக் கொண்டாங்க.”

கல்லில் ஒட்டி வெட்டுவதற்கான அச்சுத்தாளை இயந்திரம் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘சிறுவர் வாசிகசாலை’. அதில் ‘ர்’ மேல் புள்ளி இருந்தது. கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி. ஒரு கையால் கண்ணாடியையும் மறு கையால் தாளையும் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் போனேன். ‘இத்தோட்டத் தொழிலாளரின் உழைப்பால் எழுப்பப்பட்டது’ என்று நான் தட்டச்சு செய்திருந்தேன். தாளில் அந்த இரண்டு வரியிலும் ஒரு புள்ளிகூட இல்லை. ‘எழுபபபபடடது’ என்று இருந்தது, ஸ்டார்ட் ஆகாத முச்சக்கர வண்டி மாதிரி.

வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். முதலாளிக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் ‘பபபப’ என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. என் கணினித் திரையையும் அச்சுத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். திரையில் புள்ளி, தாளில் இல்லை. திரையில் புள்ளி, தாளில் இல்லை. அவர் எழுந்து இயந்திரத்துப் பக்கம் போனார். அதன் கணினியில் எதையோ தேடினார். வெட்டுவதற்கு முன்னால் படத்திலுள்ள தூசியை நீக்கும் ஏற்பாடு ஒன்று அதில் இருந்தது. கடுகளவுக்குச் சிறிதாகத் தனியே நிற்கிற எதையும் அது தூசி என்று எண்ணி அழித்துவிடும். எங்கள் கடை ஆங்கிலத்தை எப்போதும் கப்பிட்டல் எழுத்தில்தான் வெட்டும். அதில் புள்ளி இல்லை. சிங்களத்தில் இப்படிக் கடுகளவாக மிதக்கிற புள்ளி இல்லை. பெரிய தமிழ்ப் பலகையில் புள்ளியும் பெரிதாகித் தப்பிவிடும். அதனால் அது இத்தனை காலமும் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. தமிழின் புள்ளிதான் அதற்குத் தூசி.

“வளர்ப்புப் பிழைன்னு சொன்னாரே அந்த ஐயா,” என்றேன். “உங்க மெஷின வளர்த்தது யாருன்னு கேளுங்க.”

முதலாளி தூசி நீக்கும் ஏற்பாட்டை நிறுத்தினார். பிறகு மெதுவாக, “புது அச்சு வெட்டுறேன். நங்கி பாத்துச் சரின்னு சொன்னாத்தான் போகும்,” என்றார். கல்லுக்கு மட்டும் இல்லை, இனி எல்லாத் தமிழுக்கும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். வாயால் சொல்லுங்க என்றேன். சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பார்க்கிற பெண் இருந்தாள். கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். அவள் முதலில் திகைத்தாள். பிறகு அதை வாங்கி, லென்ஸ் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள்.

“அல்லாஹ்! ரெண்டும் மாறிப் போய் ஈக்கு அக்கா. வலதுக்குள்ளது இடதுல, இடதுக்குள்ளது வலதுல. தலைகீழாப் பிடிச்சா லென்ஸ் பக்கம் மாறும், சாய்வு மாறாது. அதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

லென்ஸைச் சட்டத்தில் பொருத்துகிறவரைக் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்தவர், சிங்களவர், அமைதியான ஆள். அவர் அவளிடம் சிங்களத்தில் உறுதியாகச் சொன்னார், தான் மாற்றவில்லை என்று. லென்ஸில் நீங்கள் எழுதியிருந்தபடிதான் போட்டேன், பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்து படித்திருக்கிறேன், ‘வ’ எனக்கு வாசிக்கத் தெரியும் என்றார்.

“ஓம், ‘வ’ண்டுதான் எழுதினேன்,” என்றாள் அவள். “வலது.”

அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “வம.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று மொழிப் பலகையோடு மாரடிக்கிறவளுக்கு இது தெரியாதா? சிங்களத்தில் வம என்றால் இடது. அவள் எழுதியது சரி. அவர் வாசித்ததும் சரி. அடுத்தவர் மொழியை மதித்துப் படித்த மனிதர் ஒரு எழுத்தைச் சரியாக வாசித்து, என் இரண்டு கண்ணையும் மாற்றிவிட்டார். இந்த ஊரைத் தவிர வேறு எங்கே இப்படி ஒரு பிழை செய்ய முடியும்? நான் விளக்கிச் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தோம். கல்லாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “பழகிரும்னு சொன்னீங்களே” என்று நான்தான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். பழகித் தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழகிப்போன கண்களோடு எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

சட்டம் வட்டமாக இருந்ததால் பிழைத்தேன்; வட்ட லென்ஸ் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். அங்கேயே கழற்றி, பக்கம் மாற்றி, சாய்வு பார்த்துப் பொருத்திக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் ‘கண் பரிசோதனை’யை நிமிர்ந்து பார்த்தேன். புள்ளி இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் உள்ளே போய் ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பேன்; கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பல் வைத்தியர் புதுத் தகட்டை வாங்க வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். புள்ளியைத் தூசி என்று அழித்த இயந்திரத்தையும் காட்டினேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். 

“எழுத்து வடிவாத்தான் இருக்கு,” என்றார். வடிவு என்றால் அவர் ஊரில் அழகு.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. “தோட்டத்துத் தமிழ் ஐயா. வடிவாத்தான் இருக்கும்,” என்றேன். அவர் தகட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கல்லைப் பார்க்க நானே போனேன். அம்பிட்டியவுக்கு மேலே, சாலையோரம் தகரக் கொட்டகை. கல் வெட்டுகிறவரும் எங்களைப் போலத் தோட்டத்து ஆள்தான், தலையெல்லாம் வெள்ளைத் தூள். புது அச்சின்படி எல்லா எழுத்தையும் வெட்டி முடித்துவிட்டு, கடைசியாகப் புள்ளிகளைச் சின்ன உளியால் கையாலேயே குத்திக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். எல்லாப் புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் எழுத்து ஆழமாக இறங்கியிருக்க, புள்ளி மட்டும் நகத்தால் கீறின அளவுக்குத்தான் இருந்தது. மழையும் பாசியும் உள்ள இடம் அது. நான்கு மழைக்காலம் போனால் பாசி மூடிவிடும். அப்புறம் என்னைப் போல ஒரு கண் அதன் முன்னால் வந்து நின்றால், அது தமிழ் தெரியாத கண் என்றுதான் யாராவது சொல்வார்கள்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ‘எழுப்பப்பட்டது’ மேல் விரலை வைத்துத் தடவினேன். முதல் ‘ப்’பின் புள்ளி விரலுக்குப் பட்டதா, படவில்லையா என்று சந்தேகமாக இருந்தது.

கல்காரர் உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “இந்த ஆழம் போதுமாம்மா?”

“போதாதுங்க,” என்றேன். “குத்துங்க.”